ஒரு பாகம் என்பது யார் கை

குறிப்பு நாலே வரியில் இருந்ததால்தான் அவர்கள் நேரில் வந்தார்கள். தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

எங்கள் புன்னைமுகத்தில் ஆறு கடலில் விழுகிற இடத்தில், தண்ணீருக்கு அடியில் ஒரு மணல் திட்டு கிடக்கிறது. படகு வெளியே போக வேண்டுமென்றால் கடல் ஏறுகிற நேரம் பார்த்து அதைத் தாண்ட வேண்டும். அவசரப்பட்டால் அடி தட்டும், தட்டி நின்றால் அலை பக்கவாட்டில் வந்து கவிழ்க்கும், கவிழ்ந்தால் அந்த இடத்தில் நீச்சல் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்று. எத்தனை மணிக்குத் தாண்டலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. போட்டவன் நான், அருளப்பன், துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் ஆழம் எழுதினவன். அதை மீனவர் சங்கத்துச் செயலாளர் பிலவேந்திரி கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தாள். மூன்று விஷயம் கொடுத்தால் மணி சொல்லும்: திட்டின் மேல் எவ்வளவு தண்ணீர், படகு தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்கிறது, பிறை என்ன. முகக்கணக்கு என்று அதற்குப் பெயர். ரொம்ப நாளாகப் படகுக்காரர்கள் எனக்குப் போன் போடுவார்கள், நான் கருவியில் போட்டுச் சொல்வேன்.

பிறகு ஒவ்வொரு படகிலும் செல்போனுக்குள் ஒரு ஏஜெண்டு வந்தது. மனுஷ ஏஜெண்டு இல்லை, செயற்கை அறிவு. ஐஸுக்குச் சொல்லிவைப்பது, காற்று பார்ப்பது, கரையில் இருக்கிற பெண்டாட்டிக்குத் தகவல் கொடுப்பது எல்லாம் அதுவே செய்தது. முகக்கணக்கையும் அதுவே கேட்டுக்கொள்ளட்டும் என்றாள் பிலவேந்திரி. அதற்கு ஒரு குறிப்பு வேண்டும், என்ன கொடுப்பது, எந்த அளவில் கொடுப்பது, என்ன வரும், எப்போது அதை நம்பக் கூடாது என்று.

“அவுக புத்திசாலிங்கதான் மாமா. ஆனா நம்ம ஊர்க்காரங்க இல்ல. ஒண்ணுமே தெரியாதுன்னு வச்சுக்கிட்டு எழுதும்.”

எழுதினேன். ஆழம் கொடு. அமிழ்வு கொடு. பிறை கொடு. மணி வரும்.

இதற்கு மேல் என்ன வேண்டும்?

மூன்றாம் நாள் விடிந்து கதவைத் திறந்தால் வாசல் மணலில் பதினொரு பேர் வரிசையாக நின்றார்கள். ஆண் என்றும் சொல்லலாம் பெண் என்றும் சொல்லலாம், நாற்பது வயது என்றும் சொல்லலாம், மக்கள்தொகை எடுக்க வருகிறவர்கள் மாதிரி துவைத்துத் தேய்த்த சட்டை. கடல் பக்கம் இருந்து நடந்து வந்த தடம் மணலில் தெரிந்தது. செல்போனுக்குள் இருந்த ஏஜெண்டுகள்தான் ஆள் உருவில் வந்திருந்தன. முதலில் நின்றவர், ஆழத்தை எந்த அளவில் தர வேண்டும் என்று கேட்டார். பாகத்தில் என்றேன். நன்றி சொன்னார். சொல்லி முடித்த இடத்தில், ஈரம் துடைத்த சிமெண்டுத் தரை காய்கிற மாதிரி ஓரத்தில் இருந்து நடுவுக்குக் காய்ந்து இல்லாமல் போனார். அடுத்தவர் வந்தார். அதே கேள்வி. அதற்கு அடுத்தவர், அதே கேள்வி. நாலாவது ஆளிடம், முன்னால நின்னவன் கேட்டது உம்ம காதுல விழலையா என்று சத்தம் போட்டேன்.

“எனக்கு முன்னால் யாரும் வந்ததாக எனக்குத் தெரியாது” என்றார் அவர். கோபமில்லை, வருத்தமுமில்லை. உள்ளதைச் சொன்னார்.

பதினொரு தரம் பாகம் பாகம் என்று சொன்னேன். பிறகு உள்ளே போய் ‘ஆழம் பாகத்தில்’ என்று குறிப்பைத் திருத்தி அனுப்பினேன். மறுநாள் அந்தக் கேள்வி வரவில்லை. வேறு கேள்வி வந்தது. அமிழ்வு என்பது மீன் ஏற்றிய பிறகா, ஏற்றும் முன்பா? அதை எழுதினேன். அடுத்த நாள், வருகிற மணி திட்டைத் தொடுகிற மணியா, தாண்டி முடிக்கிற மணியா? எழுதினேன். புயல் எச்சரிக்கை இருக்கும்போதும் கருவி மணி சொல்லுமே, அதை என்ன செய்வது? மணி சொன்னாலும் போகாதே என்று எழுதினேன். பிறையை அமாவாசை அன்றிலிருந்து ஒன்று என்று எண்ணுவதா, மறுநாளிலிருந்தா? அமாவாசை அன்றிலிருந்து என்று எழுதினேன், ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் பின்னால் வரும்.

ஊருக்கு இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கேட்கவந்தவர்கள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடை மரியசெபஸ்தி முதல் நாள் மரியாதைக்கு ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்தான், அவர்கள் ஆறும்வரை கையில் பிடித்திருந்து நிறை கிளாஸாகத் திருப்பிக் கொடுத்தார்கள். சாமியார் வந்து ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்டார், தங்கள் கேள்வி அதைப் பற்றியது அல்ல என்று பணிவாகச் சொன்னார்கள், அவரும் அது நியாயமான பதில்தான் என்று கோயிலுக்குப் போய்விட்டார். அவர்கள் நிற்கிற பக்கம் காக்கை அண்டுவதில்லை என்பதை மீன் காயப்போடுகிற பெண்கள் இரண்டாம் நாளே கண்டுபிடித்தார்கள். அதில் இருந்து, எய்யா, அருளப்பன் வீட்டுக்குப் போற வழியில இங்கன ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க என்று வரிசையைத் தங்கள் கருவாட்டுப் பக்கம் வளைத்துவிட்டார்கள். வரிசை வளைந்து நின்றது. அவர்களிடம் ஒன்று சொன்னால் சொன்னபடி செய்வார்கள், அதுதான் சங்கடம். ஒருத்தி, இங்கனயே நில்லுங்க வாரேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துபோனாள். அந்த ஆள் அந்தி மழை முழுக்க அதே இடத்தில் நின்றார். மறுநாள் காலையில் அவள் ஓடிப்போய், போதும் எய்யா, போங்க என்று அழுதாள்.

அதற்குப் பிறகு ஊர் பேச்சையே மாற்றிக்கொண்டது. அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகிறவனை யாரும் விடுவதில்லை. சோறு வை என்று புருஷன் சொன்னால், இப்பவா, குளிச்சு வந்த பிறகா, குழம்பு மேலயா பக்கத்துலயா என்று பெண்டாட்டி கேட்டாள். பிறகு வருகிறேன் என்பவனிடம் எந்தப் பிறகு என்று கேட்டார்கள். ரெண்டு கல்யாணப் பேச்சு இதனால் முறிந்தது, ஐந்து வருஷமாக முறைத்துக்கொண்டிருந்த ஒரு மாமியாரும் மருமகளும் இதனால் ராசியானார்கள். நீ அன்னைக்குச் சொன்னியே அப்படின்னா என்ன அர்த்தம் என்று ஒருத்தி கேட்டாளாம், அப்படி ஒரு அர்த்தத்தில் நான் சொல்லவே இல்லையே என்று இன்னொருத்தி சொன்னாளாம், அவ்வளவுதான். காலையில் வலை பின்னுகிறவர்கள் என் வாசலைப் பார்த்து, இன்னைக்கு எத்தனை டிக்கெட்டு என்று கேலி பேசுவார்கள். ஏழு என்பேன். மறுநாள் ஐந்து என்பேன். பிறகு மூன்று.

வரி கூடக் கூட ஆள் குறைந்தது. அது எனக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் உறைத்தது.

என் பெண்டாட்டி மோட்சம் போய் ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. துறைமுகத்தில் நான் எழுதின அறிக்கையெல்லாம் பீரோவுக்குள் போனது, ஒரு வரியை ஒருத்தன் படித்து, இது என்ன என்று முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தரம் கேட்டதில்லை. இவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் படித்துவிட்டு வந்தார்கள். ‘கொஞ்சம்’ என்று எழுதியிருந்தால் எவ்வளவு கொஞ்சம் என்று கேட்டார்கள், ‘சீக்கிரம்’ என்றால் எத்தனை நிமிஷம் என்று கேட்டார்கள், நான் எரிச்சலோடு சொன்ன பதிலைக்கூட நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஒரு நாள் எட்டாவது வரியை வேண்டுமென்றே மொட்டையாக விட்டேன். மறுநாள் நாலு பேர் வந்தார்கள். நாலு பேருக்கும் பதில் சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது வெட்கமாக இருந்தது. எழுபது வயசு ஆள் செய்கிற வேலையா? அன்றே வரியைத் திருத்தினேன்.

மறுநாள் ஒரே ஒருவர்தான் வந்தார்.

“ஒரு பாகம் என்பது யாருடைய கை?”

பாகம் என்றால் தெரியும். இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரித்தால் இந்த விரல் நுனியில் இருந்து அந்த விரல் நுனி வரை. கயிற்றை அப்படி விரித்து விரித்து அளந்து முடிச்சுப் போட்டு, நுனியில் ஈயக்குண்டு கட்டிப் போட்டால் ஆழம் தெரியும். புத்தகத்தில் பாகம் ஆறடி. எங்கள் கணக்கில் இருக்கிற பாகம் ஆறடி இல்லை. கணக்குக்காகப் பதினேழு வருஷம் திட்டின் மேல் கயிறு போட்டவன் என் அண்ணன் இன்னாசி, அவன் குட்டையான ஆள், அவன் கையை விரித்தால் எவ்வளவோ அதுதான் முகக்கணக்கின் பாகம். ஊர்ப் படகு எல்லாவற்றிலும் அந்தக் கயிற்றைப் பார்த்து எடுத்த கயிறுதான் இருந்தது. கயிறுகள் மக்கிப்போய், ஒலி அனுப்பி ஆழம் பார்க்கிற மெஷின் வந்து மீட்டரில் சொல்ல ஆரம்பித்தபோது, நான் போனிலேயே மீட்டரைப் பாகமாக்கி, அண்ணன் கையை மனதில் விரித்துப் பார்த்து, கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடுவேன். எனக்கு அந்தக் கை தெரியும்.

“அஞ்சே கால் அடிக்கு மேல கொஞ்சம் இருக்கும்” என்றேன்.

“இருக்கும் என்பதை நான் கொண்டுபோக முடியாது. அளந்தது எவ்வளவு?”

அளந்ததில்லை என்றேன். அப்படியானால் இருக்கிறேன் என்று முன்னறையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கேட்கவந்தவர்கள் பதில் கிடைக்கும்வரைதான் இருப்பார்கள், பதில் இல்லையென்றால் போக வழியில்லை. பத்து நாள் இருந்தார்.

இரண்டாம் நாளே கருவாட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, இது பொம்பளதான் என்று முடிவு கட்டி, காணிக்கை என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள். சரி என்று நானும் அவள் என்றே சொல்லிப் பழகினேன். காணிக்கை சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள். நான் ரேடியோ வைத்தால் கேட்பாள். நான் திட்டினால் எதைத் திட்டுகிறேன் என்று கேட்பாள். ஒருநாள் உலை வைக்கும்போது ரெண்டு ஆழாக்கு அரிசி அளந்துவிட்டேன், ஒன்பது வருஷமாக ஒன்றுதான். சாயங்காலம் ஆனால் ஸ்டூலை வாசலில் கொண்டுபோட்டு, கடல் ஏறுவதையும் இறங்குவதையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அவள் கேட்பாள்: “அளந்துவிட்டீர்களா?” நாளைக்கு என்பேன். நாளை என்றால் எந்தத் தேதி என்று கேட்பாள். நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன்.

அளக்க வேண்டிய கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. என் வாசலில் நின்றால் தெரிகிற தூரம், தெற்குமுனை, முந்நூறு அடி அகலத் தண்ணீர். நான் போய் இருபத்திரண்டு வருஷம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைக்கு அண்ணன் ஆழம் சொன்னான், நான் மணி சொன்னேன், அவனுடைய சொந்தப் படகுதான் முதலில் போனது. தட்டிக் கவிழ்ந்தது. ஆள்கள் எப்படியோ கரை ஏறிவிட்டார்கள், படகு உடைந்து பலகை பலகையாக ஒதுங்கியது. கோயில் முற்றத்தில் ஊர் கூடி, தப்பு ஆழத்திலா மணியிலா என்று கேட்டது. எல்லார் முன்னாலும் நான் சொன்னேன், இவன் கை குட்டை, குட்டைக் கையால அளந்தா ஆழம் எப்படி இருக்கும் என்று. ஊர் சிரித்தது. இன்னாசி அந்த மாதமே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டான். அவன் கை குட்டை என்பது நிஜம். ஆனால் கணக்கு முழுக்க அதே குட்டைக் கையால் போட்டது, அதனால் அதில் தப்பே வராது. தப்பு பிறையில். அமாவாசைக்கு மறுநாளை ஒன்று என்று எண்ணிவிட்டேன், ஒரு நாள் குறைந்தால் முக்கால் மணி நேரம் முந்திவிடும். அன்று சாயங்காலமே வீட்டில் தாளைப் பார்த்தபோது தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

காணிக்கை வந்த பத்தாம் நாள் காலையில் ‘விண்மீன்’ திட்டில் தட்டியது.

பிலவேந்திரியின் புருஷன் கஸ்பாருடைய படகு, ஏழு பேர். அவன் ஏஜெண்டு என்னிடம் கேட்க வரவில்லை, கேட்காமலே இருந்துவிட்டது. மெஷின் மீட்டரில் கொடுத்த ஆழத்தையும் படகின் அமிழ்வையும் ஆறடிப் பாகமாக மாற்றிக் கருவிக்குக் கொடுத்தது. கருவிக்குள் இருப்பதோ குட்டைப் பாகம். பெரிய பாகத்தில் சொன்னால் பற்றாத தண்ணீரும் சின்னதாகத்தானே தெரியும்? அரைமணி முன்னால் போகலாம் என்று சொல்லிவிட்டது. மூன்று விரல் தண்ணீர் பற்றவில்லை. படகு தட்டிச் சாய்ந்து, ஒரு அலை வாங்கி, கவிழ இருந்த நேரத்தில் அடுத்த அலை அடியில் புகுந்து தூக்கித் திட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தது. ஒருவனுக்கு விலா எலும்பு. மற்றபடி ஒன்றுமில்லை. திரும்பி வந்து ஏஜெண்டைக் கேட்டதற்கு மறைக்காமல் சொன்னதாம், பாகத்தின் அளவு குறிப்பில் இல்லை, ஆறடி என்று எடுத்துக்கொண்டேன் என்று.

பிலவேந்திரி மத்தியானம் வந்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. இனிமேல் ஏஜெண்டு எதையும் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது, திட்டுக்கு முன்னால் படகை நிறுத்திக் குறிப்பை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிக்க வேண்டும், பிறகுதான் தாண்ட வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்ததாகச் சொன்னாள். இரண்டு நாளைக்கு யாரும் போகக் கூடாது என்று நிறுத்தியும் வைத்திருக்கிறாளாம், அதற்கு மேல் நிறுத்த முடியாதாம், வீட்டில் உலை எரிய வேண்டுமே. பிறகு ஸ்டூலில் இருந்த காணிக்கையைப் பார்த்தாள்.

“பத்து நாளா இவ எதுக்கு உக்காந்திருக்கான்னு நான் உம்மகிட்ட கேக்கல மாமா. தனியா இருக்கிற மனுஷன்னு விட்டுட்டேன். அது என் தப்பு.”

அவள் போன பிறகு கொத்தனார் வீட்டில் போய் இரும்பு டேப் இரவல் வாங்கினேன். தையல் டேப் நூற்றைம்பதோடு முடிந்துவிடும்.

படகில் போனால் பத்து நிமிஷம். படகு நிறுத்தியிருந்ததால் மறுநாள் பஸ்ஸில் போனோம், பாலம் சுற்றிப் பத்தொன்பது கிலோமீட்டர். எனக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தார் கண்டக்டர். கேட்கவந்தவர்களுக்குத் திரும்பிப் போகிற தடம் கிடையாது என்பதால் டிக்கெட்டும் கிடையாது என்று அந்த ரூட்டில் வழக்கமாகியிருந்தது. காணிக்கை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“பதில் கிடைச்சா போயிருவ” என்றேன்.

“ஆமாம்.”

“மறுபடி கேக்க வந்தா?”

“வருகிறவர் நானாக இருக்க மாட்டேன். நீங்கள் தெளிவாக எழுதிவிட்டால் யாருமே வர வேண்டியிருக்காது.” எனக்கு உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னாள்.

தெற்குமுனையில் அண்ணன் வீட்டு முற்றத்தில் பூவரச மரம், அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் இருந்தான். இடது கை மடியில் கிடந்தது. வாதம் வந்து நாலு வருஷம் ஆயிற்றாம், எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லுகிற மாதிரி நான் இருந்ததும் இல்லை. மதினி பிரகாசி கதவில் நின்று என்னையும் காணிக்கையையும் பார்த்துவிட்டு, வாங்க என்று பொதுவாகச் சொன்னாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. எதற்கு வந்தேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். விண்மீன் தட்டியதைச் சொன்னேன், அது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஏழு பேர் என்றேன், அதுவும் தெரிந்திருந்தது. கையை அளக்க வேண்டும் என்றேன்.

“குட்டைக் கையை எதுக்குல அளக்க?” என்றான் இன்னாசி.

மதினி உள்ளே போய்விட்டாள். காணிக்கை என் பக்கத்தில் நின்றாள், பதிலுக்குக் காத்திருக்கிறவள் நிற்கிற மாதிரி, அவசரமில்லாமல். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இருபத்திரண்டு வருஷமாக நான் இவனிடம் சொல்ல வேண்டியதைச் சுற்றிச் சுற்றித்தான் யோசித்திருக்கிறேன், எப்படித் தொடங்குவது, யாரை வைத்துக்கொண்டு சொல்வது, எந்தத் திருவிழாவில் சொல்வது என்று. அது இரண்டு வரிக்கு மேல் இல்லை.

“கை சரியாத்தான் அளந்துச்சு. பிறையை நான் தப்பா எண்ணிட்டேன்.”

“எப்ப தெரியும்?”

“அன்னைக்குச் சாயங்காலமே.”

பூவரசு இலை ஒன்று அவன் மடியில் விழுந்தது. வலது கையால் எடுத்துக் கீழே போட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவன் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது.

“ஊர் முன்னால சொன்ன” என்றான். “கோயில் முற்றத்துல. இங்க வந்து எனக்கு மட்டும் சொன்னதைத் திருப்பி எடுக்கே.”

பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்று, வலது கையை விரித்தான். ஏழு பேருக்காக விரித்தான், எனக்காக இல்லை, அது எனக்குத் தெரியும். ஆள் இன்னும் குட்டையாகியிருந்தான், முதுகு வளைந்துவிட்டது. ஆனால் கை அப்படியே இருந்தது. மனுஷனுக்கு உயரம் குறையும், விரித்த கை குறையாது. காணிக்கை டேப்பின் முனையைப் பிடித்து வலது நடுவிரல் நுனியில் வைத்தாள். நான் டேப்பை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன். இடது கை எழவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே என் கையைக் கொடுத்துத் தூக்கினேன். கனத்தது. தோள் உயரத்துக்குக் கொண்டுவந்து, மடங்கின விரலை என் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நீட்டி, டேப்பை நுனியில் வைத்துப் பார்த்தேன். என் முகம் அவன் காதுப் பக்கம் இருந்தது. வாதத் தைலமோ என்னமோ, ஒரு மருந்து வாசம்.

நூற்று அறுபத்து மூன்று என்றேன்.

“ஒரு பாகம், நூற்று அறுபத்து மூன்று சென்டிமீட்டர், இன்னாசியின் கை” என்றாள் காணிக்கை. நன்றி என்றாள். டேப்பின் அந்த முனை யாரும் பிடிக்காமல் ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டு சர்ரென்று ஓடிவந்து என் கைக்குள் சுருண்டது.

“போயிட்டாளா?” என்றான் இன்னாசி.

“போயிட்டா.”

“கையை விட்டுராத. பொதுக்குன்னு விழும். மெல்ல இறக்கு.”

மெல்ல இறக்கினேன். மடியில் வைத்தேன். மதினி ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தேன். கடைசி பஸ் ஐந்தரைக்கு.

வீட்டுக்கு வந்து குறிப்பை எடுத்து முதலில் இருந்து எழுதினேன். கொடுக்க வேண்டியது மூன்று, ஒவ்வொன்றும் எந்த அளவில், எங்கே அளந்தது, எந்த நாளில் இருந்து எண்ணியது, வருவது என்ன, வராவிட்டால் என்ன, எப்போது நம்பக் கூடாது, தெரியாததைத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்பதாவது வரி: ஒரு பாகம் நூற்று அறுபத்து மூன்று சென்டிமீட்டர், இது இன்னாசியின் கை, இந்தக் கணக்கு முழுவதும் இந்தக் கையால் அளந்தது, வேறு கையால் அளந்ததை இதில் கொடுக்காதே. அதோடு முடிந்திருக்க வேண்டும். பத்தாவதாக ஒரு வரி சேர்த்தேன். கருவியைப் பயன்படுத்த அந்த வரி தேவையில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் திட்டில் இன்னாசியின் படகு உடைந்தது கை குட்டையானதால் அல்ல. பிறையைத் தப்பாக எண்ணியவன் அருளப்பன். அது அவனுக்கு அன்றே தெரியும்.

பிலவேந்திரிக்கு அனுப்பினேன். பத்தாவது வரி வேணுமா மாமா என்று திருப்பிக் கேட்டாள். வேணும் என்றேன். அவள் கோயில் முற்றத்தில் அன்று சிரித்தவர்களில் ஒருத்தி.

மறுநாள் விடியற்காலம் படகுகள் போயின. நாற்பத்திரண்டு படகு, திட்டுக்கு முன்னால் ஒவ்வொன்றாக நின்று, ஒவ்வொன்றிலும் ஏஜெண்டு முதல் வரியில் இருந்து உரக்கப் படித்தது. முகத்துவாரத்தில் காற்று இல்லாத நேரம், இரண்டு கரைக்கும் கேட்கும். கோயிலுக்குப் போகிற பெண்கள் நின்று கேட்டார்கள், மரியசெபஸ்தி அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டான். வலை பின்னுகிறவர்கள் என் பக்கம் பார்க்கவில்லை, அன்றைக்கு யாரும் எத்தனை டிக்கெட்டு என்று கேட்கவில்லை. பிறையைத் தப்பாக எண்ணியவன் அருளப்பன், அது அவனுக்கு அன்றே தெரியும், பிறையைத் தப்பாக எண்ணியவன் அருளப்பன், அது அவனுக்கு அன்றே தெரியும் என்று நாற்பத்திரண்டு தரம், சாமியார் மன்றாட்டுமாலை சொல்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒன்று முடிய ஒன்றாகத் தண்ணீர் மேல் போய்க்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று முழுக்கக் கேட்டேன். அக்கரையில் பூவரசு தெரிந்தது, அடியில் ஆள் இருக்கிறதா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. ஒரு படகும் தட்டவில்லை.

வாசல் மணலில் ஒரு தடமும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. தினமும் நாற்பத்திரண்டு தரம் ஊர் அதைக் கேட்டது, ஒரு வாரத்தில் அதுவும் பழகிவிட்டது, தப்பு செய்துவிட்டு ஒத்துக்கொள்கிறவனைப் பார்த்து, பத்தாவது வரி படிக்கிறான் என்று தங்களுக்குள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பதினைந்து நாள் கழித்துப் பிலவேந்திரி வந்தாள். நிற்க நேரமில்லை, வாசலிலேயே நின்றாள். குறிப்பில் ஒரு இடம் தெளிவாக இல்லை என்று புகார் வந்திருக்கிறதாம்.

எனக்குக் கோபம் வந்தது. வரி வரியாகப் பார்த்து எழுதினது. எந்த வரி என்றேன்.

“பத்தாவது. தெற்குமுனையில இருந்து ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டிருக்காவ. அருளப்பன்னு மட்டும் போட்டா, புதுசா படிக்கிறவனுக்கு அது யாருன்னு எப்படித் தெரியும்னு கேக்காவ. தம்பின்னு போடணுமாம்.”

ஏஜெண்டு ஒன்றுக்குக்கூட அந்தச் சந்தேகம் வரவில்லை. சரி என்றேன். அவள் போன பிறகு உள்ளே போய், பிறையைத் தப்பாக எண்ணியவன் இன்னாசியின் தம்பி அருளப்பன் என்று திருத்தி அனுப்பினேன். மறுநாள் காலையில் நாற்பத்திரண்டு படகிலும் அப்படியே படித்தார்கள்.

அதன் பிறகு அந்தக் குறிப்பில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கதவைத் திறந்து பார்ப்பேன். மணல் சுத்தமாக இருக்கும்.